ரேஞ்சர் மயங்கிக் கிடக்கும்போது ஓநாய் யார் பேச்சைக் கேட்கும்?

ஏழாம் பகடை

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ், பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் விதிகள். ஆட்டக்காரர்கள் நாலு பேர், எல்லாருமே லெவல் 5. ஒருத்தர் பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சர், அதாவது மிருகத் துணையோடு திரியும் காட்டு வீரர், கூட ஒரு ஓநாய். டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், நான். மூன்று இடத்தில் வாக்குவாதம் வந்து நிற்கிறது.

ஒன்று: ரேஞ்சர் ஜீரோ ஹெச்பிக்கு, அதாவது உயிர்ப் புள்ளி தீர்ந்து மயக்கத்துக்கு, போய்விட்டார். இப்போது ஓநாய் என்ன செய்யும்? "என் ஓநாய், நான்தான் ஆடுவேன்" என்கிறார் அவர். மயங்கிக் கிடக்கிறவர் எப்படி உத்தரவு போடுவார் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

இரண்டு: தன் ஆக்ஷனை (ஒரு முறைக்குச் செய்யக்கூடிய முக்கியச் செயல்) செலவழிக்காமலே ஓநாய் ஒவ்வொரு ரவுண்டும் கடிக்க வேண்டும் என்கிறார் ரேஞ்சர். நிஜ நாய் ஒவ்வொரு கடிக்கும் எஜமான் வாயையா பார்த்துக்கொண்டு நிற்கும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஃபைட்டர் ஆடுகிறவர் மட்டும் முகம் சுளிக்கிறார்.

மூன்று: விஸார்டின் (மந்திரவாதி) ஆந்தை தனி இனிஷியேட்டிவில் (யார் முறை எப்போது வரும் என்ற வரிசை) பறந்து திரிகிறது, அதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆந்தைக்கு ஒரு நியாயம், ஓநாய்க்கு ஒரு நியாயமா?

விதியில் என்ன இருக்கிறது, அதை மாற்றினால் எங்கே இடிக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி விளையாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் தெரிந்தால் நல்லது.

டி20 தாசன்

"தனியாகச் செயல்படுவது" என்று ஒரே பேச்சாகப் பேசுவதால்தான் சண்டை வருகிறது. அதற்குள் மூன்று விஷயம் இருக்கிறது. மிருகம் யாருடைய முறையில் நகர்கிறது? அதன் ஆக்ஷனுக்கு யார் விலை கொடுக்கிறார்? அது என்ன செய்யும் என்ற முடிவு யார் கையில்? உங்கள் மூன்று கேள்வியும் இந்த மூன்றில் வெவ்வேறு ஒன்றைத் தொடுகிறது.

2014 புத்தகத்தின்படி ஓநாய்க்குத் தனி இனிஷியேட்டிவ் கிடையாது, ரேஞ்சரின் இனிஷியேட்டிவில்தான் வரும். எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆக்ஷன் தேவையில்லை. அட்டாக் (தாக்குவது), டேஷ் (இன்னொரு மடங்கு ஓடுவது), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது), டாட்ஜ் (தற்காத்துக்கொள்வது), ஹெல்ப் (உதவுவது) இவற்றில் எதைச் செய்யச் சொன்னாலும் ரேஞ்சரின் முழு ஆக்ஷன் போய்விடும். லெவல் 5இல் எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு ஆக்ஷனில் இரண்டு அடி) வந்தபிறகு, ஓநாயை அட்டாக் செய்யச் சொல்லிவிட்டு ரேஞ்சரும் ஒரு அடி அடித்துக்கொள்ளலாம். உத்தரவு வாயால்தான் என்று எழுதியிருக்கிறது. இதைப் பல பேர் கவனிப்பதில்லை. சைலன்ஸ் மந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டால் ஓநாய்க்கு உத்தரவு போகாது.

முதல் அச்சில், உத்தரவு இல்லையென்றால் ஓநாய் ஆக்ஷனே எடுக்காது என்று இருந்தது. புலி பாய்ந்து வந்தாலும் பொம்மை மாதிரி நிற்கும். பிறகு வந்த திருத்தத்தில் மூன்று விஷயம் சேர்த்தார்கள்: உத்தரவு இல்லாவிட்டால் டாட்ஜ் செய்யும், ரியாக்ஷனுக்கு (பிறர் முறையில் செய்யும் எதிர்ச்செயல்) உத்தரவே வேண்டாம், அதாவது விலகி ஓடும் எதிரிமேல் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கைத் தானே அடிக்கும், ரேஞ்சர் செயலிழந்தாலோ அங்கே இல்லாவிட்டாலோ ஓநாய் தன்னிச்சையாக இயங்கி அவரையும் தன்னையும் காப்பாற்றப் பார்க்கும். உங்களிடம் பழைய அச்சு இருந்தால் இந்த வரிகள் இருக்காது. முதல் கேள்விக்குப் பாதி விடை அந்தக் கடைசி வரி. பாதி என்று சொல்லக் காரணம், என்ன செய்யும் என்று அது சொல்கிறதே தவிர, அந்த நேரத்தில் ஓநாயை ஆடுவது ஆட்டக்காரரா டிஎம்மா என்று சொல்லவில்லை. அதை உங்கள் டேபிளில்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குக் கணக்கே போட்டுவிடலாம். லெவல் 5இல் ப்ரொஃபிஷியன்ஸி (தேர்ச்சிக்கான கூடுதல் எண்) 3. ஓநாயின் அட்டாக்கும் டேமேஜும் அந்த அளவு ஏறும்: அட்டாக் பகடைக்கு +7, டேமேஜ் 2டி4+5 (நாலு முகப் பகடை இரண்டு, கூட 5). ஏசி (அடி பட எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண்) 13இலிருந்து 16. ஹெச்பி, அதன் வழக்கமான 11 அல்லது ரேஞ்சர் லெவலின் நாலு மடங்கு, எது பெரிதோ அது; அதாவது 20. எதிரியின் ஏசி 15 என்று வையுங்கள். ஓநாய் 20 முகப் பகடையில் 8 அல்லது மேலே போட்டால் படும், 65 சதவீதம். க்ரிட்டிகலையும் (20 விழுந்தால் டேமேஜ் பகடை இரட்டிப்பு) சேர்த்தால் ஒரு கடிக்குச் சராசரி 6.75. டெக்ஸ் (சுறுசுறுப்பு) 18, ஆர்ச்சரி ஸ்டைல் (வில் தேர்ச்சி), லாங்போ வைத்திருக்கும் ரேஞ்சருக்கு ஒரு அம்புக்கு 6.6.

அப்படியானால் இரண்டு அம்பு 13.2. ஒரு அம்பும் ஒரு கடியும் 13.35. எழுதினவர்கள் கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்: ஓநாய் ரேஞ்சரின் டேமேஜை ஏற்றுவதற்காக இல்லை, அதே டேமேஜை இன்னொரு இடத்திலிருந்து போடுவதற்கு. இப்போது கடியை இலவசமாக்குங்கள். 19.95 ஆகிவிடும், ஒன்றரை மடங்கு. ஸ்ட்ரெங்த் 18, கிரேட்ஸ்வேர்ட், இரண்டு வீச்சு என்று ஃபைட்டருக்கு அதே ஏசிக்கு 15தான் வரும். பக்கத்தில் கூட்டாளி நின்றால் பேக் டாக்டிக்ஸால் ஓநாய்க்கு அட்வான்டேஜும் (இரண்டு பகடை போட்டு நல்லதை எடுப்பது) உண்டு, அதை நான் சேர்க்கவே இல்லை. ஃபைட்டர் முகம் சுளிப்பதில் தப்பே இல்லை.

ஆனால் ரேஞ்சரின் குறையும் உண்மைதான், அதனால்தான் விதியே பிறகு மாறியது. 2020இல் டாஷா'ஸ் கால்ட்ரன் புத்தகத்தில் ப்ரைமல் கம்பானியன் வந்தது. நிலம், கடல், வானம் என்று மூன்று வகை, நீங்கள் ஓநாய் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். தானே நகரும், ரியாக்ஷன் தானே எடுக்கும், சும்மா விட்டால் டாட்ஜ். வேறு ஆக்ஷன் செய்ய வேண்டுமானால் ரேஞ்சர் போனஸ் ஆக்ஷன் (கூடுதலாக ஒரு சின்னச் செயல்) கொடுக்க வேண்டும்; அடிக்க மட்டும் என்றால் அதற்குப் பதில் தன் அட்டாக்குகளில் ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். ரேஞ்சர் செயலிழந்தால் எந்த ஆக்ஷன் வேண்டுமானாலும் எடுக்கும். லெவல் 5இல் நில மிருகத்துக்கு ஹெச்பி 30, ஏசி 16. விஸ்டம் 16 உள்ள ரேஞ்சருக்கு அதன் அடி சராசரி 5.9 வரும். இரண்டு அம்பையும் சேர்த்தால் 19.1. உங்கள் ரேஞ்சர் கேட்பது கிட்டத்தட்ட இதுதான், ஆனால் போனஸ் ஆக்ஷனை விலையாகக் கொடுத்து. ஹண்டர்ஸ் மார்க் (ஒரு எதிரிமேல் கூடுதல் டேமேஜ் தரும் மந்திரம்) போடவும் அதே போனஸ் ஆக்ஷன் வேண்டும் என்பதால் முதல் ரவுண்டில் ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும். 2024 புத்தகமும் இதே வழியில்தான் போகிறது, ஏசி கணக்கு 13 கூட விஸ்டம் மாடிஃபயர் என்று மாறியிருக்கிறது.

நீங்களாக ஒரு விதி கண்டுபிடிக்க வேண்டாம். 2020 மிருகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீஸ்ட் மாஸ்டரின் பழைய அம்சத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும்படிதான் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய விதியின் ஓநாய் கடித்தால் எதிரி டிசி 11 (எட்ட வேண்டிய எண்) ஸ்ட்ரெங்த் ஸேவ் (தாக்குப்பிடிக்கும் பகடை) போட வேண்டும், தோற்றால் விழுவான். பக்கத்தில் நின்று வெட்டுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஐந்து அடிக்கு அப்பால் நின்று அம்பு விடுகிறவருக்கு, விழுந்து கிடப்பவன்மேல் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் மோசமானது). குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்கிற கதைதான். வில் ரேஞ்சர் முதலில் அம்பை விட்டுவிட்டு அப்புறம் ஓநாயைக் கடிக்கவிட வேண்டும். வரிசை மாறினால் மேலே போட்ட கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும்.

மலைக்கழுகு

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். ஆந்தை ஃபைண்ட் ஃபெமிலியர் (மாயத் துணை மிருகத்தை வரவழைப்பது) மந்திரத்தால் வந்தது, அதற்கு விதியே வேறு. தன்னிச்சையாக இயங்கும், ஆனால் எப்போதும் சொன்னதைக் கேட்கும். சண்டையில் தனி இனிஷியேட்டிவ் போட்டுத் தன் முறையில் ஆடும். அந்தச் சுதந்திரத்துக்கு விலை அடுத்த வரியிலேயே இருக்கிறது: ஃபெமிலியர் அட்டாக் செய்யக் கூடாது. ஓநாய்க்குப் பல் உண்டு, முறை இல்லை. ஆந்தைக்கு முறை உண்டு, பல் இல்லை. இதுதான் நியாயம்.

அதற்காக ஆந்தை சாதுவும் இல்லை. ஹெல்ப் ஆக்ஷன் எடுக்கலாம். எதிரிக்கு ஐந்து அடிக்குள் போய் ஹெல்ப் செய்துவிட்டு, ஃப்ளைபை இருப்பதால் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் வாங்காமல் மேலே போய்விடும். 60 அடிப் பறக்கும் வேகம், 30 அடி இறங்கி 30 அடி ஏறினால் ஒரு முறைக்குள் வேலை முடிந்தது. டேபிளில் தப்பாக ஆடுகிற இடம் எது தெரியுமா? அந்த அட்வான்டேஜ் அந்த எதிரிமேல் விழும் முதல் அட்டாக்குக்கு மட்டும். ரேஞ்சரின் இரண்டாவது அம்புக்குக் கிடையாது. ஆந்தைக்கு அடுத்து இனிஷியேட்டிவில் யார் இருக்கிறாரோ அவர் ஒரு சாதாரண குத்து குத்தினாலே அது தீர்ந்துபோகும், பின்னால் காத்திருக்கும் ரோக்குக்கு (பதுங்கித் தாக்குகிறவர்) எதுவும் மிஞ்சாது. ஆகவே யார் முதலில் அடிப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎம் பக்கத்தில் இதற்கு மாற்றும் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆந்தைக்கு ஏசி 11, ஹெச்பி ஒன்றே ஒன்று. வில்லோடு நிற்கும் எதிரி "ஆந்தை கீழே வந்தால் விடுகிறேன்" என்று ரெடி ஆக்ஷன் போட்டால் போதும். திரும்ப வரவழைக்கப் பத்து தங்கக் காசுக்குக் கரி, சாம்பிராணி, மூலிகை, கூடவே ஒரு மணி நேரம். ரிச்சுவலாக (மந்திர சக்தியைச் செலவழிக்காமல்) செய்தால் இன்னும் பத்து நிமிஷம். ஆந்தைவழி டச் (தொட்டுப் போடும்) மந்திரம் அனுப்பினால் அதன் ரியாக்ஷன் செலவாகும், விஸார்டுக்கு 100 அடிக்குள்ளும் இருக்க வேண்டும். அதன் கண்ணால் பார்க்கும்போது விஸார்டுக்குத் தன் கண்ணும் காதும் வேலை செய்யாது. இதையெல்லாம் ஒழுங்காக நடத்தினாலே ஆந்தைப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

"தன்னிச்சை" என்ற சொல் புத்தகத்தில் வெளிப்படையாக வரும் இன்னொரு இடம் சவாரி மிருகம். அதை இரண்டு விதமாக ஓட்டலாம். கட்டுப்பாட்டில் வைத்தால் குதிரையின் இனிஷியேட்டிவ் உங்களுடையதோடு சேர்ந்துவிடும், ஆனால் டேஷ், டிஸ்எங்கேஜ், டாட்ஜ் மூன்றுதான் செய்யும், உதைக்காது. தன்னிச்சையாக விட்டால் தன் இனிஷியேட்டிவை வைத்துக்கொண்டு உதைக்கும், கடிக்கும், பிடிக்காவிட்டால் ஓடியும் போகும். குதிரை உங்கள் முறையில் ஓடவும் வேண்டும், உதைக்கவும் வேண்டும் என்று கேட்பார்கள். விதியில் அது கிடையாது. தன்னிச்சைக் குதிரையில் இன்னொரு சங்கடமும் உண்டு: அதன் முறை 18இல், உங்கள் முறை 7இல் என்றால், அது உங்களை எதிரி நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போகும், நீங்கள் அடித்து முடித்ததும் பின்வாங்க அதற்கு நகர்வு இருக்காது.

கோலேரியன் குடிமகன்

பாத்ஃபைண்டர் கேட்டிருந்தீர்கள். முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் இந்த விஷயத்தில் எதிரும் புதிரும், தனித்தனியாகவே சொல்கிறேன்.

2009இல் வந்த முதல் பதிப்பில் மிருகம் நிஜமாகவே மிருகம். அதற்குத் தெரிந்த வித்தைகள் என்று ஒரு பட்டியல்: அட்டாக், கம், டிஃபெண்ட், டவுன், ஃபெட்ச், கார்ட், ஹீல், ஸ்டே, ட்ராக் இப்படி. இன்டெலிஜன்ஸ் 1 என்றால் மூன்று வித்தை, 2 என்றால் ஆறு. ட்ரூயிடின் (இயற்கைப் பூசாரி) துணைக்கு லெவலைப் பொறுத்து மேலும் சில. தெரிந்த வித்தையைச் செய்யவைக்க ஹேண்டில் அனிமல் (மிருகத்தை நடத்தும் திறன்) பகடை, டிசி 10, அடிபட்டிருந்தால் 12. தெரியாததைச் செய்யச் சொல்வது புஷ், டிசி 25. மற்றவர்களுக்கு ஹேண்டில் ஒரு மூவ் ஆக்ஷன், புஷ் ஒரு முழு ரவுண்டு. ட்ரூயிடும் ரேஞ்சரும் தங்கள் துணையிடம் என்றால் ஹேண்டில் ஃப்ரீ ஆக்ஷன், புஷ் மூவ் ஆக்ஷன், கூட +4. ஒரே ஒரு ராங்க் (பயிற்சிப் புள்ளி) போட்டு, கரிஸ்மாவில் ஒன்றும் இல்லாத ட்ரூயிடுக்கு 1, 3, 4 கூட்டி +8 வரும். சொன்ன பேச்சு கேட்கவைக்கப் பகடையில் 2 போதும். புஷ் செய்ய 17 வேண்டும், அதாவது ஐந்துக்கு ஒரு தடவை.

இங்கே எல்லாரும் வழுக்கி விழும் இடம் அட்டாக் வித்தை. ஒரு தடவை கற்றுக்கொடுத்தால் மனித உருவங்கள், ராட்சதர்கள், மற்ற மிருகங்கள் இவற்றைத்தான் ஓநாய் தாக்கும். எலும்புக்கூடு, ஜோம்பி, விசித்திரப் பிறவிகள் எதிரில் வந்தால் தாக்காது. அதற்கு அதே வித்தையை இரண்டாம் தடவை கற்றுக்கொடுக்க வேண்டும், ஒரு இடம் கூடுதலாகப் போகும். கல்லறைக்குள் இறங்கினபிறகு இதைப் படித்தால் பிரயோஜனமில்லை. ஒரு வித்தை கற்றுக்கொடுக்க ஒரு வாரம்.

2019இல் வந்த இரண்டாம் பதிப்பு இதை வழித்து எடுத்துவிட்டது. துணை மிருகம் ஒரு மினியன். ரேஞ்சர் தன் மூன்று ஆக்ஷனில் ஒன்றைக் கொடுத்து உத்தரவு போட்டால் ஓநாய்க்கு இரண்டு ஆக்ஷன் கிடைக்கும். சொந்தத் துணையிடம் உத்தரவு எப்போதும் பலிக்கும், பகடை வேண்டாம். ஒன்று கொடுத்து இரண்டு வாங்குவது, விலை என்று பார்த்தால் இதைவிடத் தெளிவு இல்லை. மினியனுக்கு ரியாக்ஷன் கிடையாது. ஐந்தாம் பதிப்பிலிருந்து வருகிறவர்கள் ஓடும் எதிரியை ஓநாய் கடிக்கும் என்று நினைத்து ஏமாறுவார்கள். உத்தரவு இல்லாவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளவும் வெளிப்படையான ஆபத்திலிருந்து தப்பவும் மட்டும் அசையும். சுமார் ஒரு நிமிஷம் கவனிப்பில்லாமல் விட்டால் மிருகம் தன் இயல்புப்படி நடக்கும்.

உங்கள் ரேஞ்சர் கேட்கும் இலவசக் கடி இங்கே உண்டு, ஆனால் சம்பாதிக்க வேண்டும். மெச்சூர் அனிமல் கம்பானியன் ஃபீட் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) எடுத்தால், உத்தரவே போடாத ரவுண்டிலும் மிருகம் ஒரு ஆக்ஷன் எடுக்கும்: ஸ்ட்ரைட் (நகர்வது) அல்லது ஸ்ட்ரைக் (அடிப்பது). ட்ரூயிடுக்கு லெவல் 4, ரேஞ்சருக்கு லெவல் 6. ஒரு ஃபீட் விலை, ஒரு ஆக்ஷன் எல்லை. எனக்குத் தெரிந்து தன்னிச்சைக்கு இவ்வளவு கச்சிதமாக விலை வைத்த விதி வேறில்லை.

கவனிக்க வேண்டியது இரண்டு. தரையில் நிற்கும்போது ஓநாயின் மல்டிபிள் அட்டாக் பெனால்டி (ஒரே முறையில் அடுத்தடுத்து அடித்தால் பகடையில் குறையும் எண்) தனி, உங்களுடையது தனி. அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பெனால்டி. நீங்கள் அடித்துவிட்டு அது கடித்தால் அந்தக் கடிக்கு -5. சப்போர்ட் (உங்கள் அடிக்குத் துணை நிற்பது) ஆக்ஷன் எடுத்தால் அந்த முறையில் மிருகம் நகர மட்டுமே முடியும், கடிக்க முடியாது. வேறு ஏதாவது செய்துவிட்டு சப்போர்டும் எடுக்க முடியாது.

இதெல்லாம் துணை மிருகத்துக்கு. சந்தையில் வாங்கின சாதாரண நாயோ குதிரையோ என்றால், இரண்டாம் பதிப்பும் மிருகத்தை மிருகமாகத்தான் நடத்துகிறது. சண்டை தொடங்கியதும் பழக்கப்படாத மிருகம் ஃப்ரைட்டன்ட் 4 (கடும் பயம்) ஆகி ஓடப் பார்க்கும். உத்தரவுக்கு நேச்சர் பகடை, எதிரில் அதன் வில் டிசி (மன உறுதி எண்). தோற்றால் அது சும்மா நிற்கும். படுதோல்வி என்றால் என்ன செய்யும் என்று ஜிஎம் (பாத்ஃபைண்டரில் டிஎம்முக்குப் பெயர்) முடிவு செய்வார்.

ஏழாம் பகடை

கணக்கைப் பார்த்ததும் ரேஞ்சரே அமைதியாகிவிட்டார். 2020 மிருகத்துக்கு மாறுகிறோம். எனக்கு மிச்சம் இருப்பது முதல் கேள்வியின் மறுபாதி. ரேஞ்சர் விழுந்தபிறகு ஓநாயை நான் ஆடினால், நல்லது செய்தால் ரேஞ்சருக்குச் சலுகை என்பார்கள், ஓடவைத்தால் பழிவாங்குகிறேன் என்பார்கள். இதை எப்படி நடத்துவது?

பழைய பெட்டி

பகடையிடம் விட்டுவிடுங்கள். 1981 டி அண்ட் டி பேசிக் தொகுப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது, மோரல் (துணிச்சல்). ஒவ்வொரு பிறவிக்கும் 2இலிருந்து 12 வரை ஒரு எண். முதல் சாவு விழும்போது ஒரு தடவை, கூட்டத்தில் பாதி விழுந்ததும் ஒரு தடவை 2டி6 (ஆறு முகப் பகடை இரண்டு) உருட்ட வேண்டும். எண்ணைத் தாண்டினால் ஓட்டம். இரண்டு தடவை தேறிவிட்டால் அந்தச் சண்டையில் அப்புறம் உருட்ட வேண்டாம், கடைசிவரை நிற்கும்.

இதை ஐந்தாம் பதிப்பில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டை போதும். விளையாட்டு தொடங்குமுன் ரேஞ்சர் ஆடுகிறவரே அதை எழுதட்டும், நீங்கள் ஒப்புதல் கொடுங்கள். முதல் வரியில் இயல்பு: "எஜமானைத் தொடுகிறவனைக் கடி." இரண்டாம் வரியில் பயம்: நெருப்பு, இடி, தன்னைவிட இரண்டு அளவு பெரிய பிறவி, இப்படி ஒன்றிரண்டு மட்டும். மூன்றாம் வரியில் மோரல் எண். ஓநாய்க்கு 9 வைத்தால் நிற்க 83 சதவீத வாய்ப்பு. 7 வைத்தால் 58 சதவீதம்தான். பொதி சுமக்கிற கோவேறு கழுதைக்கு 6, அதாவது 42 சதவீதம். பாதிக்கு மேல் ஓடிவிடும், அதுதான் அதன் சுபாவம்.

ரேஞ்சர் விழுந்ததும் வரிசையாகப் பாருங்கள். ரேஞ்சருக்கு ஐந்து அடிக்குள் எதிரி இருந்தால் ஓநாய் அவனைக் கடிக்கும். பலர் இருந்தால் கடைசியாக ரேஞ்சரை அடித்தவன். யாரும் பக்கத்தில் இல்லையென்றால் ரேஞ்சருக்கு ஒட்டி நின்று டாட்ஜ். ஓநாயின் ஹெச்பி பாதிக்குக் கீழே போகும்போதோ, அட்டையில் எழுதின பயம் முன்னால் வரும்போதோ மோரல் பகடை. உருட்டுவது நீங்களும் வேண்டாம், ரேஞ்சரும் வேண்டாம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஃபைட்டர் கையில் கொடுங்கள், எல்லார் கண்முன்னும் உருளட்டும். சலுகை, பழி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த முதல் படி ஏன் முதலில் என்றால்: மயங்கிக் கிடப்பவரை ஐந்து அடிக்குள்ளிருந்து அடித்தால் அட்வான்டேஜ், பட்டால் க்ரிட்டிகல், க்ரிட்டிகல் என்றால் டெத் ஸேவில் (மூன்று தோல்வியில் சாவு) இரண்டு தோல்வி. அப்படி இரண்டு அடி பட்டால் ரேஞ்சர் போய்விடுவார். ஓநாய் தூரத்தில் நின்று டாட்ஜ் செய்துகொண்டிருந்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடித்துத் தள்ளிவிட்டால் எழுந்து நிற்கவே எதிரியின் வேகத்தில் பாதி போகும். எழாமல் கிடந்தபடியே அடித்தால் அவன் அட்டாக்குக்கு டிஸ்அட்வான்டேஜ். அது மயங்கிக் கிடக்கும் ரேஞ்சர்மேல் அவனுக்கு இருந்த அட்வான்டேஜை ரத்து செய்யும்.

மிருகத்தின் சுபாவத்துக்கே ஒரு எண் வைத்தால் என்ன என்று பார்க்க டன்ஜன் வேர்ல்ட் என்ற இன்னொரு விளையாட்டைப் புரட்டிப் பாருங்கள். அங்கே ரேஞ்சரின் துணைக்குத் தனி முறையும் இல்லை, தனி ஹெச்பியும் இல்லை. ஃபெராசிட்டி (மூர்க்கம்), கன்னிங் (தந்திரம்), ஆர்மர் (கவசம்), இன்ஸ்டிங்க்ட் (மிருக இயல்பு) என்று நாலு எண்தான். சேர்ந்து தாக்கினால் ஃபெராசிட்டி உங்கள் டேமேஜில் சேரும், தடம் தேடினால் கன்னிங் சேரும். நாலாவதான இன்ஸ்டிங்க்ட் மட்டும் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்: யாராவது குறுக்கிட்டால் அந்த எண் அவர் பகடையில் சேரும். மிருகம் சொன்னபடி கேட்காத குணத்தை ஒரே எண்ணில் அடக்கிவிட்டார்கள்.

டி20 தாசன்

பழைய பெட்டி சொன்ன அட்டை நல்ல யோசனை. ஆனால் மோரலில் எனக்கு ஒரு ஆட்சேபம். திருத்தப்பட்ட விதியே "அவரையும் தன்னையும் காக்கும்" என்று சொல்கிறது. ஓநாய் ரேஞ்சரை விட்டுவிட்டு ஓடினால் ரேஞ்சர் என்ற கேரக்டர் வகையின் அம்சத்தையே பறித்தது போல ஆகும். ஃபைட்டரின் வாள் பயந்து ஓடுவதில்லையே. பீஸ்ட் மாஸ்டரின் மிருகத்துக்கு மோரல் பகடை வேண்டாம், முதல் இரண்டு படி போதும். வாங்கின குதிரை, கூலிக்கு வந்த நாய், கழுதை இவற்றுக்கு மோரலை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டி

ஒத்துக்கொள்கிறேன். ஓட்டம் என்பதற்குப் பதில், மோரலில் தோற்றால் அந்த ரவுண்டு டாட்ஜ் மட்டும் என்று வைத்தால் இரண்டு பக்கமும் சரியாகிவிடும். ஓநாய் இடத்தை விட்டுப் போகாது, பல்லை மட்டும் மூடிக்கொள்ளும்.

ஏழாம் பகடை

அதையே எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று: ஓநாய் ரேஞ்சரின் காலரைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகலாமா? அட்டையில் அதையும் எழுதச் சொல்லி இப்போதே கேட்கிறார்.

மலைக்கழுகு

போகலாம், ஆனால் கணக்கு அவருக்குப் பிடிக்காது. நீங்கள் மாறியிருக்கும் 2020 நில மிருகத்தின் ஸ்ட்ரெங்த் 14. சுமக்கும் எல்லை அதன் 15 மடங்கு, 210 பவுண்ட். இழுக்கும் எல்லை 420. சுமை 210ஐத் தாண்டினால் வேகம் ஐந்து அடியாக விழும். ரேஞ்சர் 180 பவுண்ட், சட்டையும் வில்லும் மூட்டையும் 40 என்று வைத்தால் 220. அப்புறம் ஒரு முறைக்கு ஐந்து அடிதான், டேஷ் போட்டால் பத்து. இழுக்கிற ரவுண்டில் கடியும் கிடையாது. மூட்டையை அறுத்துவிட்டு 210க்குள் கொண்டுவந்தால் அந்த ஐந்து அடி வரம்பு வராது. ஆகவே அவர் எழுத வேண்டியது ஓநாயின் அட்டையில் இல்லை, தன் கேரக்டர் ஷீட்டில்: எடை எவ்வளவு, மூட்டையைக் கழற்ற எத்தனை வார்.